என் கைக்கு அறுத்த கட்டை

புதுத் துப்பாக்கியை வாங்கி வந்த மறுநாளே தோளில் பதிகிற அதன் கட்டையை ரம்பம் வைத்து அறுத்தவள் நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைக்க நினைத்தாலும் என் அண்ணன் ரெய்னோ விட்டிருக்க மாட்டான். பெட்ரோல் போடுகிற இடம், தேவாலயத்துக் காபி மேசை, முடிவெட்டும் கடை என்று ஓரிடம் விடாமல் போய், "புத்தம்புதுசு, எண்ணெய் வாசனைகூடப் போகல, அதுக்குள்ள கட்டைய அறுத்துப்புட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்களாம். அடித்துக்கொள்ளட்டும். அவர்கள் தலை, அவர்கள் கை.

என் பெயர் லெம்பி ஹௌட்டலா. அமெரிக்காவில், மிச்சிகனின் வடக்கு முனையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்ளும் உயரம். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதனால் எனக்கு ஐம்பத்தாறு வயதாகியும் ரெய்னோவுக்கு நான் 'குட்டி'. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறான்.

நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். அதற்கு இரண்டு நாள் முன்பே, காட்டுக்குள் தாத்தா கட்டிய மரக்குடிலில் நாங்கள் கூடிவிடுவோம். காட்டில் ஆளுக்கொரு இருக்கை உண்டு. இருக்கை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உட்கார ஒரு பலகை, காற்றுக்கு ஒரு மறைப்பு. அதில் பீவர் என்கிற நீர்ப்பிராணிகள் ஓடையில் கட்டிய அணைக்கு மேலே, வயசான ஊசியிலை மரத்தடியில் இருப்பது அப்பாவுடைய இருக்கை. அப்பா ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். இருக்கை காலியாக இருந்தது. எனக்கு அது வேண்டும். இந்தக் கதை முழுக்க அதற்காகத்தான்.

ஏன் வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அப்பாவால் நடக்க முடியவில்லை. "இந்த வருஷம் குடில்லயே இருக்கட்டும், தூக்கிட்டு அலைய முடியாது" என்று அண்ணன்மார் இரண்டு பேரும் சொல்லிவிட்டுத் தங்கள் தங்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் விறகு இழுக்கும் சறுக்கு வண்டியில் கம்பளி விரித்து, அப்பாவை உட்காரவைத்து, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போனேன். மூச்சு வாங்கிச் செத்தேன். ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அங்கே அவர் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்து, அணைத் தண்ணீரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் புருவத்துத் தழும்பைத் தொட்டு, "அந்தத் துப்பாக்கி உனக்குப் பெருசும்மா. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

அன்றைக்கு என்றால், நான் பதினாலு வயதில் முதன்முதலாகக் குடிலுக்குப் போன வருஷம். ரெய்னோ தன் துப்பாக்கியை என் கையில் கொடுத்து, "சுடு பாப்போம் குட்டி" என்றான். அவன் உயரத்துக்குச் செய்த கட்டை. அதன் முனை என் தோளுக்குள் பொருந்தவே இல்லை, கையின் மேல்சதையில்தான் நின்றது. குறி பார்க்கிற ஸ்கோப் குழாய்க்குள் ஒன்றும் தெரியாமல் கழுத்தை நீட்டி, கண்ணை அதன் விளிம்பு வரைக்கும் கொண்டுபோனேன். விசையை இழுத்தேன். துப்பாக்கி பின்னால் உதைத்ததில் ஸ்கோப் விளிம்பு வலது புருவத்தைப் பிறை வடிவத்தில் பிளந்துவிட்டது. மான் சாவகாசமாக நடந்துபோனது.

எங்கள் குடிலில் ஒரு வழக்கம். குறி தப்பினால் சட்டையின் பின்வாலை வெட்டி, பெயர் எழுதி, உத்திரத்தில் ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். காரணம் சொல்லக் கூடாது. தப்பினது தப்பினதுதான், அது தாத்தா வைத்த சட்டம். இரத்தம் வழியும்போதே, "துப்பாக்கி எனக்குப் பெருசு" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமாமா, மானும் ரொம்பச் சின்னது" என்றான் ரெய்னோ. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா அந்த வருஷம்தான் தைத்துக் கொடுத்த சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. அதன் வாலை ரெய்னோ கத்தியால் அறுத்தான். அப்பா அதில் என் பெயரை எழுதினார். அது இன்னமும் அங்கேதான் தொங்குகிறது. அதற்குக் கீழே உள்ள அடுப்பில்தான் அன்றிலிருந்து நான் சமைக்கிறேன்.

இருக்கைக்கு வருகிறேன். யாருக்கு எது என்பதில் பேச்சுக்கு இடமில்லை. வேட்டைக்கு முந்தின நாள், சரளைக்கல் தோண்டிய குழியில் ஒரு காபி டப்பா மூடியை அடிமரத்தில் அறைந்துவைப்போம். ஆளுக்கு ஒரே ஒரு தோட்டா. குழல் சூடாவதற்கு முன்னால் போகிற முதல் தோட்டா. மான் உனக்கு இரண்டாவது தோட்டாவுக்கு நின்று தராது, அதனால். மூடியின் நடுவுக்கு யார் நெருக்கமோ அவருக்கு இருக்கையில் முதல் தேர்வு. ஒரே நிபந்தனை, துப்பாக்கி சொந்தமாக இருக்க வேண்டும். இத்தனை வருஷம் என் வாயை அடைத்தது அந்த நிபந்தனைதான். "உன்கிட்டதான் துப்பாக்கி இல்லையே குட்டி" என்பான் ரெய்னோ, ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி.

சரி, வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன்.

கடையில் டானி என்று ஒரு பையன். நல்லவன்தான், ஆனால் வாய் முந்தும். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒன்றை எடுத்துவந்தான். கட்டை முழுக்க இளஞ்சிவப்பில் இலை இலையாகப் போட்டிருந்தது.

"இது உங்களுக்குன்னே வந்திருக்கு மேடம். லேடீஸ் மாடல்."

"இதுல எனக்குன்னு என்ன இருக்கு?"

"கலர் மேடம்."

வாங்கி முழங்கையில் வைத்து அளந்து பார்த்தேன். மற்றவற்றின் அதே நீளம்.

"ஏன்டா, கலரு எனக்கு, கட்டை மட்டும் எவனோ நெட்டையனுக்கா?"

"குட்டையா வேணும்னா பசங்களுக்கு வர்றது இருக்கு மேடம். ஆனா தோட்டாவும் சின்னதா இருக்கும்."

"நான் சுடப்போறது அணிலை இல்ல. அதைக் கொண்டுபோய் உள்ள வை. கீழ் வரிசையில இருக்கறதை எடு."

கீழ் வரிசைதான் என் சம்பளத்துக்கு. மூன்றை எடுத்து மேசையில் வைத்தான். மூன்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுகிற வகை. முதலாவது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டை. போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நழுவியது. எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் குழலுக்கடியில் நீளும் முன்கட்டையை இரண்டு விரலால் அமுக்கினேன், அது வளைந்துபோய்க் குழலைத் தொட்டது. கட்டை குழலைத் தொட்டால் தோட்டா அதன் இஷ்டத்துக்குப் போகும். மூன்றாவது பூர்ச்ச மரம். விலை கூடிய வால்நட் மரம் மாதிரி தெரியட்டும் என்று கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். பார்க்க லட்சணம். தூக்கினால் இரும்புக் கடப்பாரை. மழையிலும் பனியிலும் ஊறி முறுக்கிக்கொள்ளும் மரத்தைக் கட்டிக்கொண்டு அழ எனக்கு நேரமில்லை.

நடுவில் இருந்ததுதான் கடையிலேயே மலிவு. போல்ட் கரகரவென்று இழுபட்டது. தோட்டாப் பெட்டி லொடலொடத்தது. கட்டை கறுப்புப் பிளாஸ்டிக். அழகென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் முன்கட்டையை எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. விசையோ சுத்தமாக, இழுபறி இல்லாமல் விட்டது.

"இதைக் குடு."

"அது அவ்வளவு லுக்கா இருக்காது மேடம்."

"நானும்தான் இல்ல. ரெண்டு பேருக்கும் பொருந்தும்."

மறுநாள் வண்டிக் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தேன். குளிர்கால மேலங்கியைப் போட்டுக்கொண்டேன். நவம்பரில் சுடுகிறவள் ஜூலை சட்டையில் அளவெடுக்கக் கூடாது. முழங்கையை மடக்கி, கட்டையின் முனையை அதில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். எட்டவில்லை. எட்டுகிற இடத்தில் கோடு போட்டு அறுத்தேன். அறுத்த இடத்தில் உள்ளே வெற்றுக் கூடாக இருந்தது. ஒரு பைன் துண்டைச் செதுக்கி, பசை தடவி உள்ளே அடித்து, உதையைத் தாங்கும் ரப்பர் மெத்தையை அதன்மேல் திருகினேன். ஸ்கோப்பையும் என் கண்ணுக்கு ஏற்ற இடத்தில் தள்ளி வைத்து இறுக்கினேன். ஊரில் சுட்டுப் பழகுகிற களத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தேன். தோளுக்குள் அப்படியே வந்து உட்கார்ந்தது. கழுத்தை நீட்டவில்லை, கண்ணை இடுக்கவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். வலித்ததால் இல்லை. வலிக்காததால்.

பேருந்தில் ஏறினதும் நான் முதலில் செய்வது இருக்கையை முன்னால் இழுப்பதுதான். அதற்காக என்னை யாரும் மட்டமான ஓட்டுநர் என்று சொன்னதில்லை. இருக்கையை இழுக்கலாம், கட்டையை அறுக்கக் கூடாதா? இது என்ன நியாயம்?

பதின்மூன்றாம் தேதி மழையோடு மழையாகக் குடிலுக்குப் போனோம். ரெய்னோ, எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த டேல், நான். நான் இறைச்சி அடைத்த பேஸ்டிகளை அடுப்பில் வைத்தேன். அவர்கள் துப்பாக்கிகளை உறையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினார்கள். ரெய்னோவின் வால்நட் கட்டை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. டேலுடையது கடையில் நான் வேண்டாம் என்று வைத்த அதே சாம்பல் நிற வகை. கடைசியில் நான் என்னுடையதை வைத்தேன்.

டேலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏய், இது துப்பாக்கியா, கரண்டியா?"

"கரண்டின்னா உன் வாயில வைக்கறேன், திற."

ரெய்னோ அதைக் கையில் எடுத்து, அறுத்த இடத்தில் விரலால் தடவினான். செத்த பிராணியைத் தொடுகிற முகம். "நெஜமாவே அறுத்திருக்கியே. இனிமே இதை எவன் வாங்குவான்?"

"விக்கறதுக்கா வாங்கினேன்?"

"குட்டி, துப்பாக்கின்னா மரம் இருக்கணும். கையில ஒரு உசுரு தெரியணும். இது என்ன, தண்ணி வாளி செய்யற சாமான்."

"தண்ணி வாளி மழையில ஊறாது ரெய்னோ."

"உன்னுதும் அதே வாளிச் சாமான்தானே?" என்று அவன் டேல் பக்கம் திரும்ப, டேல் கையை உயர்த்தினான். "என்னுது சாஞ்சா வளையும்னு எனக்கே தெரியும்பா. அதனால நான் முன்கட்டையில சாய்க்கறதே இல்ல, தோட்டாப் பெட்டிக்கு அடியில கையைக் குடுத்துக்குவேன். கட்டின பெண்டாட்டி மாதிரி, எங்க தொடக் கூடாதுன்னு தெரிஞ்சா குடும்பம் ஓடும்."

பேச்சை நிறுத்த ரெய்னோ பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்தான். குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நோட்டைச் செருகி இழுத்துப் பார்ப்பது எல்லா வேட்டைக்காரனும் செய்கிற சோதனை. நோட்டு தடங்கலில்லாமல் ஓடினால் குழலைக் கட்டை தொடவில்லை என்று அர்த்தம். அவனுடையதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. டேலுடையதிலும் ஓடியது. என்னுடையதிலும் ஓடியது.

"ஓடுது!" என்றான் டேல்.

"கழுதை வண்டிகூடத்தான் ஓடும்" என்றான் ரெய்னோ.

சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலுக்கு, கிளம்பினார்கள். ரெய்னோ தன் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டான். வழியில் உறை நனைந்து கட்டையெல்லாம் ஈரமாம். சவுனாவில் துணி மாற்றும் அறையில் மாட்டினால் கதகதப்பில் காய்ந்துவிடுமாம்.

"அண்ணே, அதுக்கும் முதுகு தேச்சு விடுவியா?" என்றான் டேல்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெய்னோ, அது மரம். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் ஆவி அதுமேலதான் வரும். இங்கயே ஓரமா வை."

"கட்டைய அறுத்தவ எனக்குக் கட்டையைப் பத்திச் சொல்றியா? போய்க் காபியைப் போடு."

நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவை சொல்ல நான் யார்? காபியைப் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே கசக்கப் போட்டேன்.

மறுநாள் மதியம் மழை விட்டு, லேசாகப் பனி தூவியது. ஆரஞ்சு மேலங்கிகளைப் போட்டுக்கொண்டு சரளைக் குழிக்குப் போனோம். டேல் நூறு தப்படி எண்ணிப் போய் மூடியை அறைந்துவிட்டு வந்தான். கிடந்த மரத்தில் சாய்ந்து சுட வேண்டும்.

டேல் முதலில் சுட்டான். மூடியின் விளிம்பில் ஒரு கடி விழுந்தது. "சட்டை தப்பிச்சுது, போதும்" என்று எழுந்தான்.

அடுத்து நான். இரண்டு பேரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். ரெய்னோ என்னைப் பார்க்கவில்லை, என் சட்டையின் வாலைப் பார்த்தான். "நல்ல துணி குட்டி. எங்க வாங்கின?" என்றான்.

பயமில்லை என்று சொன்னால் பொய். தப்பினால் வால் போகும், அது போனால் போகட்டும், இருக்கை போய்விடும். இனி ஒரு ஜென்மத்துக்கும் 'உனக்கு அடுப்புதான்' என்று ஆகிவிடும். கட்டையைத் தோளில் வைத்தேன். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஸ்கோப்புக்குள் மூடி முழுசாக, பளிச்சென்று தெரிந்தது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை இழுத்தேன்.

டேல் தொலைநோக்கியில் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டா" என்றேன்.

"உள்ள. நடுவுலேர்ந்து ரெண்டு விரக்கடை. அடிப்பாவி."

ரெய்னோ மரத்தின் பின்னால் படிந்தான். அவன் நல்ல குறிகாரன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நிதானமாகச் சுட்டான். மூடி அசையவில்லை. அதற்குக் கீழே, ஒரு சாண் தள்ளி, அடிமரத்தில் பட்டை தெறித்தது.

ரெய்னோ டாலர் நோட்டை எடுத்துக் குழலுக்கடியில் செருகினான். பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தான், கிழியப் பார்த்தது. மரம் ஒரு பக்கமாக முறுக்கிக் குழலை நெட்டிக்கொண்டிருந்தது.

"சவுனாவுல நல்லாக் குளிச்சிருக்கு" என்றான் டேல்.

"இது கணக்குல வராது" என்றான் ரெய்னோ. முகம் சிவந்துவிட்டது. "தப்பு துப்பாக்கியுது. என்னுது இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன சொன்ன? திரும்பச் சொல்லு. துப்பாக்கியோட தப்பா? இதே வார்த்தையை நான் ரத்தம் ஒழுக ஒழுக உன்கிட்ட சொன்னேன். நீ என்ன சொன்ன, மான் சின்னதுன்ன! உனக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

"அது வேற. நீ சின்னப் பொண்ணு. இப்போ உனக்கு விழுந்தது குருட்டு அதிர்ஷ்டம். ரெண்டு பேருக்கும் ஒரே துப்பாக்கி இருந்தாத் தெரியும் யாரு குறிகாரன்னு. குடு உன் கரண்டியை."

"வேணாம் ரெய்னோ. அது என் அளவுக்கு அறுத்தது. உன் கண்ணு ஸ்கோப்புல ஒட்டிக்கும். உதைச்சா புருவம் போயிடும்."

"எனக்குச் சுடத் தெரியும். குடு."

"தெரியும். கட்டைக்கு அது தெரியாது."

"பயமா இருக்கா?"

அந்த வார்த்தைக்கு மேல் நான் தடுக்கவில்லை. துப்பாக்கியோடு ஒரு தோட்டாவையும் கொடுத்தேன். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்னக் கட்டைக்குள் எப்படியோ மடங்கிச் சுருண்டது. முழங்கை எங்கே போகும் என்று தெரியாமல் வெளியே துருத்தியது. மூக்கு போல்ட்டில் இடித்தது. டேல் சிரிப்பை அடக்கக் கையைக் கடித்துக்கொண்டான். ரெய்னோ விசையை இழுத்தான்.

வெடிச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. டக்கென்று, கதவில் விரல் மடக்கித் தட்டுகிற மாதிரி. ரெய்னோ பனியில் உட்கார்ந்துவிட்டான். வலது புருவத்தில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மூடியில் பழைய இரண்டு அடையாளம்தான். இந்தத் தோட்டா எங்கே போனதென்று அந்த மண்மேட்டுக்குத்தான் தெரியும்.

டேலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "தப்பினது ரெண்டு. சட்டைக்கு வாலு ஒண்ணுதானே இருக்கு அண்ணே, என்ன பண்றது?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷம் நினைத்திருந்தேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. ஒரு கைப்பிடி பனியை அள்ளி அவன் புருவத்தில் அழுத்தினேன். அவன் ஒற்றைக் கண்ணால் என் முகத்தை அண்ணாந்து பார்த்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே இருக்கும் தழும்பைப் பார்த்தான்.

"இப்படியா வலிச்சுது?" என்றான்.

"இதைவிட. எனக்கு அப்போ யாரும் பனி வெக்கல."

குடிலுக்கு வந்ததும் முதலில் பிளாஸ்திரி போட்டேன். அப்புறம் ரெய்னோ தானாகவே சட்டையை இடுப்பிலிருந்து உருவி, பின்வாலைப் பிடித்து, கத்தியை என்னிடம் நீட்டினான். நான் அறுத்தேன். டேல் பேனாவால் பெயரை எழுதினான். இவ்வளவு பெரிதாக எழுதத் தேவையில்லைதான்.

"அணை மேட்டு இருக்கையை எடுத்துக்கோ" என்றான் ரெய்னோ, ஏதோ தானம் கொடுக்கிற மாதிரி.

"நீ குடுக்க வேணாம். அது ஏற்கெனவே என்னுது. என் துப்பாக்கி வாங்கிக் குடுத்துடுச்சு. உன்கிட்ட நான் கேக்கறது வேற." உத்திரத்தைக் காட்டினேன். "அதைக் கழட்டு."

"அது பழசு குட்டி. குடிலோட சரித்திரம். இருந்துட்டுப் போகட்டுமே."

"என் பேரு லெம்பி. சரித்திரம்னா அதுல நெசம் இருக்கணும். நான் குறி தப்பலை, நீ எனக்குப் பொருந்தாததைக் கையில குடுத்த. நீதான் மாட்டின, நீயே கழட்டு."

டேல் அடுப்புக்குள் விறகு போடுவதில் திடீரென்று மும்முரமாகிவிட்டான். ரெய்னோ பெஞ்சை இழுத்துப் போட்டான். அவன் உயரத்துக்கு அதுகூடத் தேவையில்லை, ஆனால் துரு ஏறிய ஆணியை நெம்ப வேண்டியிருந்தது. துணி அவன் உள்ளங்கையில் விழுந்தது. சிவப்புக் கட்டம் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. அம்மாவின் தையல் மட்டும் விடாமல் இருந்தது. 'லெம்பி' என்று அப்பாவின் கையெழுத்து. அந்தத் துணி ரெய்னோவின் உள்ளங்கையைக்கூட முழுசாக மூடவில்லை. அவன் பெஞ்சின் மேலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு சின்னதாவா இருந்த நீ?" என்றான்.

"நான் இப்பவும் இவ்வளவுதான் ரெய்னோ. துப்பாக்கிதான் பெருசா இருந்துச்சு."

அவன் குனிந்தான். துணியை என் கையில் கொடுத்தான். அதே ஆணியைத் திரும்ப அடித்துத் தன்னுடையதை மாட்டினான். நான் அம்மாவின் தையலை மேலங்கியின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன்.

விடிவதற்கு முன்னால், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அணை மேட்டுக்குக் கிளம்பினேன். அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. அதை வைத்தது நான் இல்லை.